தவளை அறுத்தவன்

நேயர்களுக்கு வணக்கம்.

'என்னத்தைப் படிச்சு, என்னத்தைச் சம்பாதிச்சு' என்று அலுத்துக்கொள்பவரை இப்போதெல்லாம் 'நிகிலிஸ்ட்' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை ஊரெல்லாம் பரப்பிய ஆள் சோம்பேறி அல்ல. மற்றவர்கள் காலைத் தேநீருக்கு வருமுன்பே சதுப்பு நிலத்தில் தவளை பிடித்துக்கொண்டிருப்பவன்.

அவன் பெயர் பசாரோவ். ருஷ்ய எழுத்தாளர் துர்கனேவ் 1862-ல் வெளியிட்ட 'தந்தையரும் தனயரும்' நாவலில் வரும் மருத்துவ மாணவன். தவளை எதற்கு என்று கிராமத்துப் பையன்கள் கேட்கிறார்கள். நாமும் தவளை மாதிரிதான், இரண்டு காலில் நடக்கிறோம், அவ்வளவுதான். அதை அறுத்துப் பார்த்தால் நமக்குள் நடப்பது தெரிந்துவிடும் என்கிறான். நல்ல வேதியியல்காரன் ஒருவன் இருபது கவிஞர்களுக்குச் சமம் என்பதும் அவன் கணக்கு. எந்த அதிகாரத்துக்கும் தலைவணங்காதவன், ஊரே மதிக்கும் கொள்கையானாலும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதவன்தான் நிகிலிஸ்ட் என்று அவனுடைய நண்பன் விளக்குகிறான்.

சொல் துர்கனேவுடையது அல்ல. 'நிகில்' என்றால் லத்தீனில் 'ஒன்றுமில்லை'. 1799-லேயே ஜெர்மனியில் யாக்கோபி என்பவர், தத்துவவாதி ஃபிக்டேவுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குற்றச்சாட்டாகப் பயன்படுத்தியிருக்கிறார். நாவல் வந்த ஆண்டில் பீட்டர்ஸ்பர்க்கில் பெரிய தீவிபத்துகள் நடந்தன. ஊர் திரும்பிய துர்கனேவிடம் தெரிந்தவர் ஒருவர், 'பாருங்கள், உங்கள் நிகிலிஸ்டுகள் ஊரைக் கொளுத்துகிறார்கள்' என்றாராம்.

நிகிலிசத்தைத் தமிழில் இன்மைவாதம் என்கிறோம். சூனியவாதம் என்பாரும் உண்டு. எனக்கு அதில் தயக்கம். பில்லிசூனிய நினைவு வருவது ஒருபுறம் இருக்கட்டும், பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனர் சொன்ன சூனியம் வேறு. எதுவும் தனித்துத் தன்னால் நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்தே ஒன்று தோன்றுகிறது என்பதுதான் அது. எதுவுமே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

அப்புறம் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே. 1882-ல் வந்த நூலில் ஒரு பைத்தியக்காரனைக் காட்டுகிறார். பட்டப்பகலில் விளக்கேற்றிக்கொண்டு சந்தையில் கடவுளைத் தேடுகிறான். கூடியிருப்போரில் பலர் ஏற்கெனவே நம்பிக்கை இல்லாதவர்கள், சிரிக்கிறார்கள். 'கடவுள் இறந்துவிட்டார், நாம்தான் கொன்றோம்' என்கிறான். இதை வெற்றி முழக்கமாகவே பலரும் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அஸ்திவாரத்தைப் பெயர்த்துவிட்டு, அதே வீட்டில் நிம்மதியாகக் குடியிருப்பவர்களைப் பார்த்து அவன் பதறுகிறான். நீட்சேவுக்கு நிகிலிசம் ஒரு கட்சி அல்ல, வந்துகொண்டிருக்கும் நிலைமை. அதில் களைத்து உட்காருபவரும் உண்டு, பழையதை இடித்துத் தள்ளும் தெம்புள்ளவரும் உண்டு.

பசாரோவ் இரண்டாம் வகை. இடித்தால் கட்டவும் வேண்டாமா என்று கேட்டால், அது எங்கள் வேலை இல்லை, முதலில் இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பான். சரி, ஆனால் வெற்று மனையில் எத்தனை நாள் குடியிருப்பது? காதலை உடற்கூறு என்று கேலி செய்தவன், ஒருத்தியிடம் மனதைக் கொடுத்துவிட்டுத் தவிக்கிறான்.

கடைசியில் டைஃபஸ் என்னும் தொற்றுக்காய்ச்சல் கண்டு இறந்தவரின் உடலை அறுக்கும்போது விரலில் கீறிக்கொள்கிறான். தொற்று பரவாமல் காயத்தைச் சுட, காரக்கல் என்னும் மருந்து அங்கிருந்த மருத்துவரிடம் இல்லை. நான்கு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்கிறான். காலம் கடந்துவிட்டது என்று அவனுக்கே தெரியும். எதையும் வணங்காத அந்த மகனின் கல்லறைக்கு, வயதான அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் தாங்கியபடி வருகிறார்கள். மண்டியிட்டு அழுகிறார்கள். கல்லின் மேல் படிந்த தூசியைத் துடைக்கிறார்கள். பக்கத்து மரத்தின் கிளையை நேராக்கி விடுகிறார்கள்.