கம்பைலர் எங்கே நிற்கிறது என்று சொல்லட்டும்

(திருகோணமலையில் கணினி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றித் தருவது கம்பைலர். அதில் ஒன்றான ஜிசிசியிடம் ஒரு நிரல் கோப்பைக் கொடுத்தால், பிழை ஏதும் இல்லாவிட்டால் அது வாயே திறக்காது. யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த பழக்கம் அது. ஒரு நொடியில் முடிகிற வேலைக்குச் சரி. பெரிய சி++ புரொஜெக்ட் ஒன்றைப் பழைய மடிக்கணினியில் ஓடவிட்டுப் பாருங்கள். வேலை நடக்கிறதா, நினைவகம் போதாமல் இழுபடுகிறதா என்று தெரியாமல் கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்திவிடுவோம். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் முடிந்திருக்கும்.

நீண்ட வேலைகளில் எவ்வளவு முடிந்தது என்று காட்டுவதையே மக்கள் விரும்புகிறார்கள் என்று பிராட் மையர்ஸ் என்ற கணினி ஆய்வாளர் 1985இலேயே ஆய்வு செய்து எழுதினார். அதற்கும் முன்னால், 1983இல் வந்த டர்போ பாஸ்கல் என்ற கம்பைலர், கம்பைல் ஆகும்போதே வரி எண்ணைத் திரையில் ஓடவிட்டது.

அப்படியென்றால் எல்லாக் கம்பைலரும் சதவீதம் காட்டலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். சி++இல் ஐஓஸ்ட்ரீம் என்ற ஹெடரை, அதாவது ஆயத்த அறிவிப்புகள் உள்ள கோப்பை, இன்க்ளூட் செய்து சேர்க்கும் ஒற்றை வரி, உள்ளே போனதும் பல்லாயிரம் வரியாக விரிகிறது. தரவு வகைக்கேற்ப நிரலாக விரியும் அச்சுகளான டெம்ப்ளேட்டுகள் எத்தனை வடிவம் எடுக்கும் என்பது கம்பைலருக்கே முன்கூட்டித் தெரியாது. பல கோப்புகளைக் கம்பைல் செய்யும் படிகளைச் சீமேக் என்ற கருவி மேக்கோப்புகளாக எழுதித் தரும். அவை காட்டும் சதவீதம்கூடப் படிகளின் கணக்குத்தான், நேரத்தின் கணக்கு அல்ல. அதனால்தான் தொண்ணூறு வரை ஓடிவந்து அப்படியே நிற்கும்.

எனக்குப் பிடித்தது, இப்படிப் படிகளை ஓட்டும் நிஞ்சா என்ற கருவியின் வழி. மொத்தம் 412 படி, 37 முடிந்தது, இப்போது இந்தக் கோப்பு: அவ்வளவுதான் சொல்லும். ரஸ்ட் மொழியின் கார்கோ கருவியும் எந்தத் தொகுதி கம்பைல் ஆகிறது என்று பெயரோடு காட்டும். இங்கிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவருக்குக் கந்தளாய் தாண்டியாச்சு, ஹபரணை வந்தாச்சு என்பதுதான் தேவை. நாற்பது வீதம் வந்துவிட்டோம் என்றால் யாருக்கு என்ன புரியும்? பெயர் தெரிந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பில் போய் நின்றால், கோளாறு அங்கே என்று பிடித்துவிடலாம். அப்புறம் கிளாங் என்ற கம்பைலரின் டைம்-ட்ரேஸ் வசதியைப் போட்டால், நேரம் எந்த ஹெடரில் போகிறது என்பதுவரை காட்டும்.

கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் படியான லிங்கிங்கைத் தனியாகப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். எல்டிஓ என்ற, இணைக்கும்போதே நிரலை மேம்படுத்தும் வசதியைப் போட்டிருந்தால் மொத்த நிரலையும் அந்த ஒரு படியில்தான் திரும்ப அலசுகிறது, நேரம் பிடிக்கும்.

நீங்கள் எழுதும் கருவி டெர்மினல் திரைக்கு எழுதுகிறதா, கோப்புக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெர்மினல் என்றால் ஒரே வரியை அழித்து அழித்து எழுதலாம். கோப்பு என்றால் படிக்கு ஒரு வரி போதும். இல்லாவிட்டால் பிழையைத் தேடி அந்த லாக் கோப்பைத் திறக்கிறவர் குப்பைக்குள்தான் தேட வேண்டியிருக்கும்.