வாடகை வீடு தேடுறீங்களா? வண்டி எங்கே திரும்புதுன்னு முதல்ல பாருங்க!

வணக்கம் மக்களே! சென்னை தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் நிற்கிறேன். பின்னால் சத்தம் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கமெண்டில் நிறைய பேர் கேட்பது ஒன்றுதான்: "கிண்டியில் வேலை, குரோம்பேட்டையில் வீடு எடுக்கலாமா, கூடுவாஞ்சேரி போகலாமா?" குரோம்பேட்டை தாம்பரத்துக்கு முன்னாலேயே வந்துவிடும், கூடுவாஞ்சேரி தாம்பரத்தைத் தாண்டி. கூடுவாஞ்சேரியில் வாடகை குறைவு, சரி. ஆனால் கிலோமீட்டரைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். மின்சார ரயில் எந்த ஸ்டேஷனோடு நின்று திரும்புகிறது என்று பாருங்கள்.

இப்போது சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது பாருங்கள். மாம்பலத்தில் ஏறியவர்கள், கிண்டியில் தொற்றியவர்கள் எல்லாரும் இறங்குகிறார்கள். வண்டி இதோடு சரி. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் போகிறவர்கள் இங்கேயே நின்று செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். அதோ அந்த அண்ணன், ஒரு கையில் டிபன் கேரியர், இன்னொரு கையில் போன், வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்கிறார். வரும் வண்டி ஏற்கெனவே நிரம்பித்தான் வரும்.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவேதான் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அப்போது மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள குறுகிய பாதை. 2004-ல் கடைசி மீட்டர் கேஜ் மின்சார வண்டியும் நின்று, எல்லாம் அகலப் பாதை ஆகிவிட்டது. ஆனாலும் தாம்பரத்தில் திரும்புகிற பழக்கம் போகவில்லை. பணிமனை இங்கே இருக்கிறது. எழும்பூரிலிருந்து இதுவரை புறநகர் வண்டிக்கென்று தனித் தடம். இதைத் தாண்டினால் தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்களோடு பங்கு போட வேண்டும். எக்ஸ்பிரஸ் போகட்டும் என்று நம் வண்டியை ஓரமாக நிறுத்தினால், ஜன்னல் வழியே அது பறப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நகரமோ எதற்கும் காத்திருக்கவில்லை. பொத்தேரியில் கல்லூரிக் கூட்டம், மறைமலை நகரில் தொழிற்சாலை, சிங்கப்பெருமாள் கோவில் வரை அபார்ட்மெண்ட். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைத் திறந்தார்கள். ரயில் பாதை பக்கத்திலேயே போகிறது, திறந்த அன்று ஸ்டேஷன் மட்டும் கிடையாது! பெட்டியும் குழந்தையுமாக வந்தவர்கள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. இந்த வரிசையை யார் யோசித்தார்களோ, தெரியவில்லை.

ஏசி மின்சார ரயில் 2025 ஏப்ரலில் வந்தது. தானாக மூடும் கதவு, உள்ளே ஜில்லென்று இருக்கும். சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், இதில் 35 ரூபாய்க்குத் தொடங்கியது. வெயில் காலத்தில் ஒரு நாள் ஏறலாம். தினமும் என்றால் நான் சாதாரண வண்டி சீசன் டிக்கெட் பக்கம்தான்.

அப்புறம், கூடுவாஞ்சேரியில் வீடு பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று எல்லாமே காலியாகத் தெரியும். ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த ஸ்டேஷனில் நின்று பாருங்கள், ஏற முடிகிறதா என்று. அதற்கப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். சரி மக்களே, செங்கல்பட்டு வண்டி வந்துவிட்டது, நான் ஓடுகிறேன்!