குரலையும் கொஞ்சம் பிடித்து வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் வளர்த்த நாய் பூனைகளை நினைவில் வைத்துக்கொள்வது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தை என் கையில் கொடுத்தால் நேரம் போதாது என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் தொடங்கிவிடுகிறேன்.

பழைய கிராமபோன் இசைத்தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு நடுவில் ஒட்டியிருக்கும் அந்தப் படம் மறந்திருக்காது. பெரிய குழாய் வைத்த பெட்டி, அதன் முன்னால் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும் வெள்ளை நாய். எச்.எம்.வி. என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் நாய் என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும். விளம்பரத்துக்காக யாரோ கற்பனையாக வரைந்த நாய் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, அது நிஜமாகவே ஒரு வீட்டில் வளர்ந்த நாய். பெயர் நிப்பர். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் மார்க் என்பவர் வளர்த்தார். வீட்டுக்கு வருகிறவர்களின் காலைப் பின்னாலிருந்து கவ்வுமாம், அதற்குத்தான் அந்தப் பெயர். 1887-ல் மார்க் இறந்துவிட்டார். நாய் அவருடைய சகோதரர் பிரான்சிஸ் பராட் என்ற ஓவியரிடம் வந்து சேர்ந்தது.

இனிமேல் சொல்வதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நிப்பர் 1895-ல் இறந்துபோனது. ஓவியர் அந்தப் படத்தை வரைந்தது எப்போது தெரியுமா? 1898-ல். நாய் போய் மூன்று வருடம் கழித்து! ஒலிப்பெட்டிக்கு முன்னால் போய் நின்று, இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அது விழித்துக்கொண்டு நின்றது அவர் மனதிலேயே இருந்திருக்கிறது. அதை உட்கார்ந்து வரைந்தார். முதலில் வரைந்தது வேறு மாதிரிப் பெட்டி. கிராமபோன் கம்பெனிக்காரர்கள், எங்கள் பெட்டியை வரைந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். பழைய பெட்டியின் மேலேயே வண்ணம் பூசிப் புதிய பெட்டியை வரைந்து கொடுத்தார். நாயைத் தொடவில்லை. அதற்கப்புறம் அதே படத்தை அவர் கையாலேயே இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகள் வரைந்தார். செத்துப்போன வளர்ப்பு நாயைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருந்திருக்கிறார் மனிதர். நாய் அப்படி உற்றுக் கேட்டது இறந்துபோன மார்க்கின் குரலைத்தான் என்று ஒரு கதையும் சுற்றுகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை.

எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உலகம் முழுக்க வீடுகளில் பாட்டும் பேச்சும் கேட்ட அத்தனை காலமும் அந்தத் தட்டின் நடுவில் ஒரு நாய் சுழன்றுகொண்டே இருந்தது. ஆனால் அந்த நாய் எப்படிக் குரைக்கும் என்பது நம்மில் யாருக்கும் தெரியாது.

நம் வீடுகளிலும் இதே கதைதான். நாயை எத்தனை போட்டோ எடுக்கிறோம்! தூங்கும்போது, குளிக்கும்போது, செருப்பைக் கடிக்கும்போது என்று போன் நிறையப் படம். அது போன பிறகு வீட்டில் எது குறைகிறது என்று கேட்டுப் பாருங்கள். சத்தம் குறைகிறது என்பார்கள். தரையில் நகம் தட்டித் தட்டி நடக்கிற சத்தம், தண்ணீரை நக்கிக் குடிக்கிற சத்தம், கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும் தொண்டைக்குள்ளேயே ஒரு உறுமல். தெரிந்த ஆளுக்கு ஒரு குரைப்பு, தெரியாத ஆளுக்கு வேறு குரைப்பு. வீட்டில் உள்ளவர்களுக்கு அது உடனே தெரியும், அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. இதில் எதுவும் போட்டோவில் வராது.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கேசட் இருக்கிறது. வெளியூரில் இருந்த பெரியப்பாவுக்கு அனுப்புவதற்காக என் அக்கா பாடிப் பதிவு செய்தது. பாட்டுக்கு நடுவில் யாரோ கதவைத் தட்ட, எங்கள் மணி குரைக்கத் தொடங்கிவிடுகிறது. ஆமாம், எங்கள் நாய்க்கும் மணிதான் பெயர். தெருவில் நின்று மணி என்று கூப்பிட்டால் மூன்று நாயும் ஒரு மாமாவும் திரும்பிப் பார்த்த காலம் அது. அப்பா தணிந்த குரலில் "டேய் மணி, சும்மா இரு" என்கிறார். அது இரண்டு முறை குரைத்துவிட்டு, வேண்டாவெறுப்பாக மூன்றாவதைப் பாதியில் விழுங்குகிறது. அக்கா விடாமல் பாடுகிறாள். பாட்டு கெட்டுவிட்டது என்று அந்தக் கேசட்டை அனுப்பவே இல்லை, வேறொன்று பதிவு செய்து அனுப்பினார்கள். இன்றைக்கு அப்பாவும் இல்லை, மணியும் இல்லை. குடும்பம் கூடும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். அக்காவுக்குக் கோபம்தான், "என் பாட்டை ஒருத்தரும் கேட்பதில்லை" என்று.

அதனால் சத்தத்தைப் பிடித்து வையுங்கள். இன்றைக்கே செய்யலாம், போன் போதும். கேசட்டில் பதிவு வைத்திருப்பவர்கள் நாடா பூசணம் பிடிப்பதற்குள் மாற்றி வையுங்கள். பூனை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மடியில் படுத்துக்கொண்டு குர்ர் என்று ஓசை எழுப்புமே, அது மிகவும் தாழ்ந்த ஒலி. விநாடிக்கு 25, 30 அதிர்வு அளவுக்குக்கூட இறங்கும். போனில் இருக்கிற சின்ன ஒலிபெருக்கியில் அந்த ஆழம் வராது. பதிவாகவில்லையே என்று அழித்துவிடாதீர்கள், காதில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். பதிவு செய்யும்போது போனைத் தூக்கிப் பிடிக்காமல், பூனை படுத்திருக்கும் துணியிலேயே அதன் கழுத்துக்குப் பக்கமாக வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். போன் அசைந்தால் துணி உரசுகிற சத்தம்தான் மிஞ்சும்.

அப்புறம் மியாவ். குட்டிகள் தாயைப் பார்த்துக் கத்தும். வளர்ந்த பூனைகள் ஒன்றையொன்று பார்த்து மியாவ் சொல்வது அபூர்வம், பெரும்பாலும் மனிதர்களிடம்தான் சொல்கின்றன. உங்கள் பூனை பசிக்கு எழுப்பும் சத்தம் உங்கள் வீட்டுக்கென்றே பழகிக்கொண்டது. வேறு எந்தப் பூனையின் பதிவைப் போட்டுக் கேட்டாலும் அது கிடைக்காது. ஆகவே பிடித்து வையுங்கள்.

போன வாரம் இறந்த நாயின் குரலை இந்த வாரமே போட்டு வீட்டையே அழவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில மாதம் போகட்டும். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதன் காதில் விழாமல் கேளுங்கள். கூட இருந்த நாய் இறந்தால் மிஞ்சிய நாயும் சரியாகச் சாப்பிடாது, விளையாடாது, ஆட்களை ஒட்டிக்கொண்டே திரியும். வளர்ப்பவர்கள் பலர் பார்த்திருப்பது இது. அதையும் தேடவைக்க வேண்டாம்.

எழுதி வைப்பதும் பெரிய விஷயம். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த ஒரு வீரனுக்கு நட்ட கல். அதில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கியதோடு விடாமல் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்ற செய்தியும் இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருடம் ஆகிறது, நாயின் பெயரும் குணமும் நமக்குத் தெரிகிறது. ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கத்தில் 1914-ல் ஒரு புதைகுழியைக் கண்டெடுத்தார்கள். சுமார் 14,000 வருடத்துக்கு முந்தியது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. குட்டிக்குக் கடுமையான நோய் வந்து போன தடம் பல்லில் இருக்கிறது. யாரோ பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளாமல் அது அத்தனை நாள் பிழைத்திருக்க முடியாது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். அவ்வளவு பாடுபட்டுப் பார்த்துக்கொண்டவர்கள் அதை ஏதோ ஒரு பெயர் சொல்லித்தானே கூப்பிட்டிருப்பார்கள்? அது போய்விட்டது. எலும்புதான் மிச்சம்.

நமக்குக் கல் வேண்டாம், ஒரு நோட்டு போதும். என் அம்மா வீட்டுக் கணக்கு நோட்டிலேயே எழுதிவிடுவார். மின்கட்டணத்துக்கும் மளிகைக்கும் நடுவில், "மணி இன்று சாப்பாட்டைத் தொடவில்லை, இடிக்குப் பயந்து பீரோவுக்குப் பின்னால்" என்று ஒரு வரி. அது போன்ற வரிதான் வேண்டும். "அன்பான நாய், அறிவுள்ள நாய்" என்று எழுதினால் எல்லா நாய்க்கும் பொருந்தும். எந்தக் கதவுக்குப் பின்னால் ஒளியும், யாரைக் கண்டால் ஆகாது, வீட்டில் யார் அதை என்ன செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். பிள்ளைகளைக் கேட்டும் எழுதுங்கள், பெரியவர்கள் கவனிக்காத எத்தனையோ விஷயம் அவர்களுக்குத் தெரியும்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். கொண்டாட்டம் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெருவிலிருந்து வந்த நாய்க்குப் பிறந்தநாள் தெரியாது, அதனால் வீட்டுக்கு வந்த நாளைக் கொண்டாடுங்கள். இறந்த நாளைவிட வந்த நாளை நினைப்பது எனக்குப் பிடிக்கும், அது போன பிறகும் அதே நாளில் நோட்டை எடுத்துப் படிக்கலாம். கேக் வெட்டினால் மனிதர்கள் சாப்பிடுங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம் இவையெல்லாம் நாய்க்கு விஷம். படத்துக்குப் பூ வைக்கிறவர்கள், வீட்டில் பூனை இருந்தால் லில்லிப் பூவை உள்ளே கொண்டுவரவே வேண்டாம். அதன் மகரந்தம் மேலே பட்டு, பூனை அதை நக்கினாலே சிறுநீரகம் கெட்டுவிடும்.

பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டு எழுதியிருந்தார்கள். இறந்துவிட்டது என்றே சொல்லுங்கள். "தூங்கிவிட்டது" என்றால் சின்னப் பிள்ளைகள் தூங்கவே பயப்படும். இதற்கே தனியாக ஒரு நாள் வேண்டும். ஒரு விரல் ஆகிவிட்டது. கிளி வளர்ப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன், பதிவு செய்யுங்கள். மீன் வளர்ப்பவர்கள் மட்டும் கோபித்துக்கொள்ளக் கூடாது, நீங்கள் போட்டோவே எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.