ஆண்டு ஸ்டிக்கரும் அன்றாடக் கட்டணமும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழக வாயிலில் காலை எட்டரை மணிக்கு வண்டிகள் தேங்கி நின்றால், நிர்வாகத்துக்கு முதலில் தோன்றுவது "இன்னொரு பார்க்கிங் கட்டலாமே" என்பதுதான். கார் நிற்கும் கட்டம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் திறந்தவெளியில் காருக்கு 23 சதுர மீட்டர் வேண்டும். நூறு காருக்கு அரை ஏக்கருக்கு மேல் போய்விடும். அவ்வளவு நிலத்தைக் கொடுத்த பிறகும் வாயிலின் அகலம் பழைய அகலம்தான். இடம் கிடைக்கும் என்று தெரிந்தால் பஸ்ஸில் வந்தவர்களும் காரை எடுப்பார்கள்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1991இல் யூ-பாஸ் என்ற அட்டையைக் கொண்டுவந்தது. அதில் நகரப் பஸ்ஸில் போகலாம். சேர்ந்து காரில் வருவோருக்குச் சலுகை உண்டு. இரவில் ஷட்டில், அதாவது குறுகிய தூரத்துக்குத் திரும்பத் திரும்ப ஓடும் பஸ், உண்டு. பார்க்கிங் கட்டணத்தை உயர்த்தி, அந்தப் பணத்தையும் இதில் போட்டார்கள். பல்கலைக்கழகம் பெரிதாக வளர்ந்தும், நெரிசல் நேர வாகனங்கள் 1990ஆம் ஆண்டு அளவுக்குள்ளேயே இருந்தன. பணியாளருக்கு அவசரம் வந்தால் வீடு திரும்ப டாக்ஸிச் செலவும் கொடுத்தார்கள். பள்ளியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் எப்படிப் போவது என்ற பயம்தான் பலரையும் காரை விடாமல் பிடித்து வைக்கிறது. ஆதலால் இந்த ஏற்பாட்டை அவசியம் சேர்க்க வேண்டும் என்பேன்.

கட்டணத்தில் தொகையைவிட அதை வாங்கும் முறை முக்கியம். ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டி ஸ்டிக்கர் ஒட்டியவருக்கு, அதன்பின் எந்த நாளும் பார்க்கிங் இலவசம் போலத்தான். கட்டியாயிற்றே என்று தினமும் காரிலேயே வருவார். அதே தொகையை நாள்கணக்கில் பிரித்து, வண்டி நுழைந்த நாளுக்கு மட்டும் சம்பளத்தில் பிடித்தால், பஸ்ஸில் வந்த நாளில் பணம் மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியும். வாரத்தில் ஒருநாள் ஐந்தில் ஒருவர் மாறினாலே அந்தக் காலையில் வரிசை சுருங்கிவிடும்.

கட்டணத்தைத் தீர்மானிக்கும் முன் கணக்கெடுங்கள். தேர்வு வாரம் வேண்டாம். பருவத்தின் நடுவில் ஒரு வேலைநாள். காலை எட்டு முதல் மாலை நான்கு வரை மணிக்கொருமுறை ஒவ்வொரு பார்க்கிங்கிலும் வண்டி எண்களின் கடைசி நான்கு இலக்கத்தைக் குறிக்க வேண்டும். அதிகாரிகளுக்கென ஒதுக்கி நாள்முழுக்கக் காலியாகக் கிடக்கும் கட்டங்களும், வண்டியை இங்கே விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போகிறவர்களும் அப்போது வெளிப்படும். நிறுத்துமிடம் 85 விழுக்காடு நிரம்பியிருப்பதே சரியான அளவு என்று கலிஃபோர்னியப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் சொன்னார். அதைத் தாண்டினால் அந்த இடத்துக்குக் கட்டணத்தைக் கூட்டலாம், குறைந்தால் குறைக்கலாம்.

சென்னை ஐஐடியில் மாணவர்களுக்கு மோட்டார் வாகன அனுமதி இல்லை. சைக்கிளும் வளாகப் பஸ்ஸும்தான். விடுதி வளாகத்துக்கு அது சரி. தினமும் வெளியூரிலிருந்து வருவோர் நிறைந்த கல்லூரிக்கு அப்படியே பொருந்தாது.

ஷட்டில் அரைமணிக்கு ஒன்றுதான் ஓடும் என்றால் அதற்காக யாரும் காத்திருக்கமாட்டார்கள். ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் ஆகிறது என்றால் இரண்டு பஸ் விடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும். பஸ் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகே கட்டணத்தைக் கொண்டுவர வேண்டும். முந்தினால், வண்டிகள் அக்கம்பக்கத்துத் தெருக்களில் குடியிருப்போர் வாசலை அடைத்து நிற்கும். எனவே அத்தெருக்களின் பார்க்கிங் ஏற்பாட்டை மாநகராட்சியோடு பேசி முடித்துவிட்டு, பருவத்தின் முதல் நாளிலிருந்து தொடங்கலாம்.

வணக்கம்.