சுட்ட கல்லின் எடை எங்கே போயிற்று?

நேயர்களுக்கு வணக்கம்.

சுண்ணாம்புக் காளவாயைச் சிலர் பார்த்திருப்பீர்கள். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோ சுண்ணாம்புதான். மீதி 44 கிலோ? பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவாகக் காற்றோடு போய்விட்டது. சிமென்ட் ஆலையிலும் இதே கதைதான். நிலக்கரிக்குப் பதில் எதை எரித்தாலும் கல்லுக்குள் இருக்கிற வாயு வெளியே வந்தே தீரும். மின்சாரத்துக்கு வெயிலும் காற்றாலையும் இருக்கின்றன. சிமென்ட்டுக்கு அப்படிச் சுலபமான மாற்று இல்லை. அதனால் கரியமில வாயுவைப் பிடித்துப் புதைக்கும் வேலை முதலில் சிமென்ட்டுக்குத்தான் வேண்டும் என்பேன்.

நார்வேயில் பிரேவிக் ஊர் சிமென்ட் ஆலையில் 2025-இல் இதைத் தொடங்கிவிட்டார்கள். புகையை அமீன் என்ற ரசாயனக் கரைசல் வழியே விடுகிறார்கள். கரைசல் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். அதைத் திரவமாக்கி, கப்பலில் ஏற்றி, மேற்குக் கரையிலிருந்து குழாய் வழியே கொண்டுபோய், கடலடியில் சுமார் 2,600 மீட்டர் ஆழத்து மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் டன். ஆலை வெளிவிடுவதில் பாதி. ஏன் பாதி? ஆலையில் வீணாகும் சூடு அவ்வளவு கரைசலுக்குத்தான் போதும். மேற்கொண்டு பிடிக்கத் தனியாக எரிபொருள் வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

புதைப்பது அங்கே பழைய வேலை. ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் நடக்கிறது. 1991-இல் நார்வே அரசு கடலில் உள்ள எண்ணெய், எரிவாயு வயல்கள் வெளிவிடும் கரியமில வாயுவுக்குக் கார்பன் வரி போட்டது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவாகிவிட்டது. எரிவாயுவை விற்க, அதில் கலந்திருக்கும் கரியமில வாயுவை எப்படியும் பிரித்தாக வேண்டும் என்பதால் பிடிக்கும் செலவும் தனியாக இல்லை. பிரேவிக்குக்கு அந்த வசதி இல்லை, செலவில் பெரும்பங்கை அரசே ஏற்றது. எல்லா மண்ணும் ஒத்துழைப்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவின் கார்கன் எரிவாயுத் திட்டம் 2019-இல் புதைக்கத் தொடங்கியது. கிணறுகளில் மணல் அடைத்துக்கொண்டதால் குறித்த அளவை எட்ட முடியவில்லை.

நம் தூத்துக்குடியிலும் ஒரு ரசாயன ஆலை, 2016 வாக்கில், கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அமைப்பை மானியம் வாங்காமலே நிறுவியது. அந்த வாயு, கண்ணாடி செய்ய உதவும் சோடா ஆஷ் ஆகிறது. நல்ல வேலைதான். ஆனால் அந்தச் சோடா கண்ணாடி ஆலைக்குப் போனால் உலையில் வாயு மறுபடி வெளியே வந்துவிடும். பிடித்தார்கள், சரி, புதைக்கவில்லை.