மிட்டாய்க்கு அடியில் ஒரு எலி

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊருக்கு ஊர் நட்கிராக்கர் என்ற பாலே நாட்டிய நாடகம்தான். கிறிஸ்துமஸ் மரம், பனித்துளி நடனம், மிட்டாய் நாடு. பாட்டிகள் பேத்திகளைக் கூட்டிப்போகும் நிகழ்ச்சி. இதையே யாராவது கொஞ்சம் இருட்டாக மேடையேற்றிவிட்டால், குழந்தைகள் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு முணுமுணுப்பு எழும். எனக்கென்னவோ, கெடுத்தவர்கள் வேறு ஆட்கள் என்று தோன்றுகிறது.

1816இல் ஜெர்மானிய எழுத்தாளர் ஹாஃப்மன் எழுதிய மூலக்கதைக்குப் போவோம். கொட்டையை வாயில் வைத்தால் தாடையால் உடைத்துத் தரும் மரப்பொம்மைதான் நட்கிராக்கர். அதன் மேல் உயிரையே வைத்திருக்கிறாள் மாரி. அவளுக்கு ஏழு வயது. ராத்திரி எலிப்படை கிளம்பி வருகிறது. பயத்தில் பின்வாங்கியவளின் கை பட்டுக் கண்ணாடி அலமாரி உடைகிறது, ரத்தம் வழிகிறது.

அதோடு விட்டதா? அப்புறம் ஏழு தலை எலி ராஜா அவள் காதருகே வந்து மிரட்டுகிறான்: உன் மிட்டாயைக் கொடு, இல்லையென்றால் உன் பொம்மையைக் கடித்துக் குதறிவிடுவேன். அவளும் கொண்டுபோய் வைக்கிறாள். காலையில் பார்த்தால் எல்லாம் கொறித்துக் கிடக்கிறது. அடுத்து சர்க்கரைப் பொம்மைகளைக் கேட்கிறான். பிறகு புத்தகங்கள், கவுன். பெரியவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். இன்னொரு தடவை உளறினால் பொம்மைகளை எல்லாம் ஜன்னல் வழியே எறிந்துவிடுவேன் என்கிறார் அப்பா. மிரட்டலுக்குப் பணிந்து ஒவ்வொன்றாக இழக்கிற குழந்தை, அதை நம்பாத வீடு. இதைவிட இருட்டு என்ன வேண்டும்?

1844இல் பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமா இதைப் பிரெஞ்சில் மென்மையாக்கி எழுதினார். 1892இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்கில் பாலேவாக ஏறியது அந்த மென்மையான வடிவம்தான். இரண்டாம் பாதியில் கதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மிட்டாய்கள் வரிசையாக வந்து ஆடிவிட்டுப் போகும். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் இசைதான் அதைத் தாங்கி நிற்கிறது.

அந்தப் பாலேவின் நூறாவது ஆண்டில், 1992இல், இங்கிலாந்தின் நடன இயக்குநர் மேத்யூ பர்ன், கதை நடக்கும் வசதியான வீட்டையே தூக்கிவிட்டு, டாக்டர் டிராஸ் என்பவர் நடத்தும் அநாதை விடுதியை வைத்தார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ கலை விழாவில் அரங்கேற்றம். அதில் ஒரு காட்சி. விடுதியைப் பார்வையிடப் பெரிய மனிதர்கள் பரிசுகளோடு வருகிறார்கள். பிள்ளைகள் அவர்கள் முன் ஆடிக் காட்டுகிறார்கள், பரிசு கைக்கு வருகிறது. விருந்தினர் வெளியே போனதும் பரிசுகள் எல்லாம் பிடுங்கப்பட்டு அலமாரிக்குள் போய்விடுகின்றன. கேட்க ஆளில்லை. ஹாஃப்மனின் எலி இங்கே கோட்டு போட்டுக்கொண்டு பகலிலேயே வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இசையில் மட்டும் பர்ன் இருட்டைச் சேர்க்கவில்லை. அதே சைக்கோவ்ஸ்கி. சைக்கோவ்ஸ்கி பாரிஸில் கேட்டு மயங்கி, மற்ற இசையமைப்பாளர்களுக்குத் தெரியாமல் ரஷ்யாவுக்கு வரவழைத்த செலஸ்டா என்ற வாத்தியம் அதில் உண்டு. பியானோ மாதிரி இருக்கும், சத்தம் மட்டும் சின்ன மணிகள் மாதிரி.

அடுத்து, செலஸ்டா ஒலிக்கும் சர்க்கரை தேவதை நடனத்தைத்தான் ஒலிபரப்பப் போகிறார்கள். செலஸ்டாவுக்கு அடியில் தடித்த குரலில் ஒரு காற்றிசைக் கருவி மெல்லப் படியிறங்கும். கவனித்துக் கேளுங்கள். வணக்கம்.