ஒரே ஒரு எழுத்துக்கு இவ்ளோ பெரிய சண்டையா? திரித்துவம் பத்தி ஒரு செம்ம கதை!

வணக்கம் மக்களே! பிதா, சுதன் (அதாவது குமாரன், இயேசு), பரிசுத்த ஆவி, இந்த மூணு பேரும் ஒரே கடவுள்ங்கிற கிறிஸ்தவ நம்பிக்கைதான் திரித்துவம். கடைக்குப் போய் ரொட்டி என்ன விலைன்னு கேக்குறீங்க, கடைக்காரர் விலைய சொல்லாம "பிதா பெரியவர், சுதன் அவருக்குக் கீழ"ங்கிறார். சரி, குளிக்க தண்ணி ரெடியான்னு இன்னொருத்தர்கிட்ட கேட்டா, அவர் "சுதன் ஒண்ணுமில்லாததுல இருந்து உண்டானவர்"னு ஆரம்பிக்கிறார். நான் கட்டுன கதை இல்லங்க, 383-ல, இன்னைக்கு இஸ்தான்புல்னு சொல்றோமே அந்த ஊர்ல, நீசா கிரகோரின்ற பிஷப் பிரசங்கத்துல நொந்துபோய் சொன்னது. எனக்கு என்னமோ அந்த ரொட்டிக்கடைய நினைச்சாலே சந்தோஷமா இருக்கு, இறையியல தெருவுல நின்னு பேசிருக்காங்க பாருங்க!

பின்னணி சட்டுனு சொல்லிடுறேன். சுதனுக்கு ஒரு தொடக்கம் உண்டுன்னு எகிப்துல இருக்குற அலெக்சாந்திரியால ஆரியுஸ்ன்ற குருவானவர் போதிச்சாரு. இல்ல, பிதாவோட ஒரே தன்மைதான்னு 325-ல நிசேயாங்கிற ஊர்ல கூடின பிஷப்புங்க சபை, அதான் நிசேயா சங்கம், முடிவு பண்ணுச்சு.

இப்ப அந்த எழுத்து. 'ஹோமோஊசியோஸ்'னா ஒரே தன்மை. நடுவுல அயோட்டான்னு ஒரு குட்டி கிரேக்க எழுத்து, சும்மா ஒரு சின்ன கோடுதான், அத சேத்தா 'ஹோமோய்ஊசியோஸ்', ஒத்த தன்மை. நம்ம ஊர்ல ஒரு கால் போட்டா படம் பாடமாயிடுதுல்ல, அப்படி. இந்த எழுத்துச் சண்டை நிசேயாலயே நடந்ததுன்னு நிறைய பேர் சொல்வாங்க, அது தப்பு, முப்பது வருஷம் கழிச்சுதான் சூடு பிடிச்சது. 'ஒத்த'ன்னு சொன்னவங்களும் ஆரியுஸ் ஆளுங்க இல்ல, 'ஒரே'ன்னு சொன்னா பிதாவும் சுதனும் ஒரே ஆளாயிடுவாங்களோன்னு அவங்களுக்கு பயம். இதுல எனக்குப் பிடிச்சவர் அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ், நிசேயா முடிவுக்காக அஞ்சு தடவை ஊர விட்டு துரத்தப்பட்டவர், அவரே இவங்கள எதிரியா பாக்காம சகோதரங்களா நினைச்சு பேசுறோம்னு எழுதினாரு. எவ்ளோ பெரிய மனசு!



பின்னாடி கிழக்குச் சபைங்களும் (ஆர்த்தடாக்ஸ்) மேற்குச் சபையும் (ரோம்) முட்டிக்கிட்டதுக்கும் ஒரு வார்த்தை முக்கியமான காரணம். பரிசுத்த ஆவியானவர் பிதாகிட்ட இருந்து மட்டும் புறப்படுறாரா, 'குமாரனிடமிருந்தும்' புறப்படுறாரா? லத்தீன்ல 'ஃபிலியோக்வே', ஒரே வார்த்தை, தமிழ்லயும் ஒரே வார்த்தை! ஆர்த்தடாக்ஸ் சபைங்க இத இன்னைக்கும் சொல்றதில்ல. வர்ற ஞாயித்துக்கிழமை உங்க சர்ச்ல நிசேயா விசுவாசப் பிரமாணம், அதாவது நம்பிக்கைய அறிக்கையிடுற ஜெபம், சொன்னாங்கன்னா, அந்த வார்த்தை வருதான்னு காது கொடுத்து கேட்டுட்டு வந்து கமெண்ட்ல சொல்லுங்க.